என் பையைப் பாதி காலி செய்தவர்களுக்கு நன்றி

எல்லோருக்கும் வணக்கம். ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கு நான் மேஜிக் செய்து காட்டுவதை யாராவது பாராட்டினால் எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கும், ஏனென்றால் அதில் பாதிக்கு மேல் வேறு ஆட்களுக்குப் போய்ச் சேர வேண்டியது. வேடிக்கை என்னவென்றால், அவர்களில் பலர் எனக்கு உதவியதே "இது கூடாது", "இப்போ வேண்டாம்" என்று சொல்லித்தான். முறையாக ஒரு நன்றி சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நன்றி தொற்றுத் தடுப்பைக் கவனிக்கும் சிஸ்டருக்கு. என் பையை மேஜையில் கொட்டச் சொல்லி, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து ஒதுக்கினார். காகிதச் சீட்டுக்கட்டைத் துடைத்துச் சுத்தம் செய்ய முடியாது, வெளியே. பலூனா, அதிலுள்ள லேடெக்ஸ் ரப்பர் ஒத்துக்கொள்ளாத குழந்தைகள் இருப்பார்கள், அதுவும் வெளியே. பளிச்சென்று எரிந்து மறையும் ஃபிளாஷ் பேப்பரை, ஆக்ஸிஜன் ஓடுகிற இடத்தில் நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள் என்றார். குட்டிக் காந்தங்களைக் கண்டதும்தான் முகமே மாறிவிட்டது. ஒன்றுக்கு மேல் விழுங்கிவிட்டால் அவை குடலின் மடிப்புகளுக்கு இடையே ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக் குடலையே ஓட்டை போட்டுவிடும், அது போக தலையில் ஷண்ட் (மூளையில் சேரும் நீரை வடிக்கும் குழாய்) வைத்த குழந்தைக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் சிலவகை ஷண்டுகளின் அமைப்பே மாறிவிடக்கூடும் என்று பொறுமையாக விளக்கினார். ஸ்பாஞ்ச் பந்து மட்டும் தப்பியது, அதுவும் நிபந்தனையோடு: ஒரு குழந்தை தொட்ட பந்து அடுத்த குழந்தையிடம் போகவே கூடாது.

சரி, அப்படியானால் பந்து அந்தக் குழந்தைக்கே என்று வைத்துக்கொண்டேன். (வாயில் போட்டுக்கொள்ளும் வயசு என்றால் அதுவும் கிடையாது, துவைத்த துணி மட்டும்தான்.) இதனால் என்ன ஆனது தெரியுமா? முன்பு வித்தை முடிந்ததும் கைதட்டு வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். இப்போது பந்தை மறைக்கவும் சொல்லிக் கொடுத்துவிட்டு வருகிறேன். அடுத்த நாள் ரவுண்ட்ஸ் வரும் டாக்டரை அந்தக் குழந்தை ஏமாற்றிக் காட்டுகிறது. என் கையில் நடப்பதைவிட அது எவ்வளவோ பெரிய வித்தை.

முழங்கைக்குக் கீழே துணி, வாட்ச், மோதிரம் எதுவும் கூடாது என்ற விதியும் அப்படித்தான். முதலில் கேட்டபோது தலை சுற்றியது. ஆனால் மேஜிக் என்றாலே சட்டைக் கைக்குள் ஒளித்து வைப்பது என்று நம்புகிற அப்பாக்கள் முன்னால் வெறுங்கையோடு போய் நின்று பாருங்கள், அந்த முகங்களைப் பார்க்கவே போகலாம். சானிடைசரை 20 முதல் 30 விநாடி, கை காயும்வரை தேய்க்க வேண்டும் அல்லவா, அதையே மந்திரம் போடுகிற நேரமாக்கிவிட்டேன். குழந்தைகளும் சேர்ந்து தேய்க்கிறார்கள். சிஸ்டருக்கு ஏக சந்தோஷம்.

அடுத்து என் ஆசானுக்கு. பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கட்டிலில் படுத்திருக்கும் குழந்தை கீழேயிருந்து பார்க்கும், மேடையில் அழகாக மறைகிற பந்து அங்கே அப்பட்டமாகத் தெரியும் என்று சொல்லி, இந்த வயசில் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு என்னைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொன்ன மனிதர். ட்ரிப்ஸ் ஏறும் கையை அசைக்க முடியாதே என்று, குழந்தை ஒரே கையால் செய்கிற மாதிரி பாதி வித்தைகளை மாற்றியமைத்ததும் அவர்தான். அறுப்பது, கத்தி செருகுவது எல்லாம் கிடையாது என்றார். "அவங்களை நிஜமாவே அறுக்கிறாங்கப்பா." அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

எந்த அறைக்குப் போகலாம், யாருக்கு இன்று மனசு சரியில்லை, யார் ஆபரேஷனுக்காகப் பட்டினி இருக்கிறார்கள் என்று வாசலிலேயே சொல்லி அனுப்பும் விளையாட்டுச் சிகிச்சை அக்காவுக்கு நன்றி. "உனக்கு என்ன உடம்புக்கு?", "எப்போ வீட்டுக்குப் போறே?" இந்த இரண்டையும் கேட்கவே கூடாது என்று சொன்னவர் அவர். "உள்ளே வரலாமா?" என்று குழந்தையிடம் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்பதும் அவர் பாடம். ஊசிக்கும் மருந்துக்கும் வேண்டாம் என்று சொல்ல முடியாத குழந்தை, எனக்காவது சொல்லட்டும். ஒரு வாண்டு "வேண்டாம்" என்று சொல்லி என்னை அனுப்பியது, அந்த அதிகாரம் பிடித்துப்போய்த் திரும்பக் கூப்பிட்டு இன்னொரு தரமும் அனுப்பியது! அந்த வாண்டுக்கும் நன்றி.

கைக்குப் பயிற்சி கொடுக்கும் தெரபிஸ்ட் ஒருவர் சொல்லித்தான், டேவிட் காப்பர்ஃபீல்ட் 1982-லேயே 'ப்ராஜெக்ட் மேஜிக்' என்று தொடங்கி, விரல்கள் சரியாக வராதவர்களுக்கு வித்தைகளையே உடற்பயிற்சியாக்கினார் என்பது தெரிந்தது. பிரிட்டனில் 'ப்ரீத் மேஜிக்' என்ற திட்டத்தில், ஒரு பக்கம் பலவீனமான குழந்தைகளுக்கு இரண்டு கையும் சேர்ந்தால்தான் நடக்கிற வித்தைகளைக் கற்றுத் தருகிறார்களாம். நூறு தடவை முடிச்சுப் போடு என்றால் எந்தக் குழந்தை போடும்? அப்பாவை ஏமாற்றலாம் என்றால் போடும். எந்தக் கயிறு, எந்த முடிச்சு என்று அவர் தேர்ந்தெடுக்கிறார், கதை மட்டும் என்னுடையது.

வித்தை நடக்கிற நேரத்தில் போட்டோ எடுக்காமல் இருந்த பெற்றோருக்கு, நான் போன பிறகு மேஜையைத் துடைத்த தூய்மைப் பணியாளர்களுக்கு, இந்தப் பையோடு வருகிற ஆளை ஒவ்வொரு முறையும் சந்தேகப்பட்டுச் சோதித்த காவலாளிகளுக்கு, எல்லோருக்கும் நன்றி.

கடைசியாக, கொதிநீரில் துவைத்தாலும் சாயம் போகாத கலர்த் துணிகளைத் தைத்துத் தருகிற அத்தைக்கு. அத்தை, துணி அருமை, எல்லாம் தீர்ந்துவிட்டது. அடுத்த தரம் மட்டும் கொஞ்சம் சின்னதாகத் தைத்துக் கொடுங்கள், என் கை அவ்வளவு பெரியதில்லை.