பணிக்கொடை என்ற பெயரில் எங்கள் கணக்கில் ஏறிய 432 டாலர் குறித்து

அனுப்புநர்
சென்ற டிசம்பர் கப்பல் பயணத்தில் இரண்டு அறைகளில் தங்கிய குடும்பத்தின் தலைவர்,
திருச்சிராப்பள்ளி.

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
பயணிகள் குறைதீர்ப்புப் பிரிவு,
சிங்கப்பூர் அலுவலகம்.

பொருள்: முன்பதிவின்போது தெரிவிக்கப்படாத அன்றாடப் பணிக்கொடை, அதை விசாரித்தபோது பயணிகள் சேவை முகப்பில் நடந்துகொண்ட விதம், அறைப் பணியாளர் ஒருவரின் பணிப்பதிவு ஆகியவை தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். சென்ற டிசம்பர் மாதம் சிங்கப்பூர் மரீனா பே கப்பல் முனையத்திலிருந்து புறப்பட்டு, பினாங்கு, புக்கெட் ஆகிய துறைமுகங்களைத் தொட்டுத் திரும்பிய தங்கள் நான்கு இரவுப் பயணத்தில், என் தாயார், மனைவி, மகன், மருமகள், மூன்று வயதுப் பேத்தி, நான் என ஆறு பேர் வந்திருந்தோம். கப்பலின் தூய்மையிலோ பணியாளர்களின் உபசரிப்பிலோ எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. சாம்பார் என்ற பெயரில் வைத்திருந்ததைப் பற்றி என் தாயார் சொன்னதை நான் இங்கே எழுதப்போவதில்லை. இக்கடிதத்தைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம், தமிழ் சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று என்பதும், ஆங்கிலத்தில் நான் அனுப்பிய இரண்டு மின்னஞ்சல்களுக்கும் ஓர் எழுத்துகூட மாறாத ஒரே பதில் வந்தது என்பதும்தான்.

பயணத்தின் கடைசி நாள் காலையில் அறைக் கதவின் அடியில் செருகப்பட்டிருந்த கணக்குத் தாளில், ஒரு நாளைக்கு ஒருவருக்கு 18 அமெரிக்க டாலர் வீதம், ஆறு பேருக்கு நான்கு நாள்களுக்கு 432 டாலர் 'கிராஜுவிட்டி' எனப் பிடிக்கப்பட்டிருந்தது. அன்றைய மாற்று விகிதத்தில் இது 37,000 ரூபாயைத் தாண்டும். தாளை வாங்கிப் பார்த்த என் மனைவி, "யார் ரிட்டயர் ஆனார்கள்?" என்று கேட்டார். அவர் வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. எங்கள் நாட்டில் 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் வந்த காலந்தொட்டு, கிராஜுவிட்டி என்றால் பொதுவாக ஐந்து ஆண்டுகளாவது உழைத்தவருக்கு அவர் பணியை விட்டுப் போகும்போது, உழைத்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம் என்று கணக்கிட்டு முதலாளி தன் பையிலிருந்து கொடுக்க வேண்டிய தொகை. தங்கள் கப்பலில் அதே பெயரில், பணியாளர்களுக்கான டிப்ஸ் என்று, பயணியின் பையிலிருந்து எடுக்கப்படுகிறது.

முன்பதிவின்போது எங்களுக்குக் கிடைத்த தாளில், "வரிகளும் துறைமுகக் கட்டணங்களும் உட்பட" என்று தடித்த எழுத்தில் இருந்தது. எங்கள் பயண முகவரும், குடிப்பவற்றையும் கடைகளில் வாங்குபவற்றையும் தவிர வேறு செலவு இராது என்றே சொன்னார். ஊர் திரும்பியபின் தங்கள் நிபந்தனைகளை வரிவரியாகப் படித்தபோது, பணிக்கொடை நாள்தோறும் கணக்கில் சேர்க்கப்படும் என்ற ஒரு வாக்கியம் நடுவே இருந்தது உண்மை. எவ்வளவு என்பது அதில் இல்லை. கைக்குழந்தைகளுக்கும் சிறுவர்களுக்கும் உண்டா என்பதும் இல்லை. கப்பலின் செயலியில் அன்றாடம் ஏறிக்கொண்டிருந்த கணக்கை நாங்கள் திறந்து பார்க்கவில்லை என்பது எங்கள் கவனக்குறைவு, அதை ஒப்புக்கொள்கிறேன்.

அன்று காலை ஏழு மணிக்குப் பயணிகள் சேவை முகப்புக்குச் சென்றேன். எனக்கு முன்னால் ஏறத்தாழ பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். என் முறை வந்ததும், பேத்தியின் பெயரில் பிடிக்கப்பட்ட 72 டாலரைப் பற்றி மட்டுமே கேட்டேன். முகப்பிலிருந்த அலுவலர் புன்னகை மாறாமல், "சேவையில் உங்களுக்கு என்ன குறை?" என்று கேட்டார். குறை ஒன்றும் இல்லை என்றேன். "அப்படியானால் ஏன் நீக்கச் சொல்கிறீர்கள்?" என்று, வரிசையில் நிற்பவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும் குரலில் கேட்டார். பிறகு ஒரு படிவத்தை நீட்டினார். எந்தப் பிரிவு, எந்தப் பணியாளர், அவர் செய்த தவறு என்ன என்று மூன்று இடங்கள் அதில் நிரப்பப்பட வேண்டியிருந்தன. மேசையில் சங்கிலியால் கட்டியிருந்த பேனாவைக் கையில் எடுத்து, அந்த இரண்டாவது இடத்தின்மேல் வைத்துவிட்டேன். எழுதுவதற்கு எனக்குத் தெரிந்த பெயர் ஒன்றே ஒன்றுதான். அது எங்கள் அறைப் பணியாளருடையது. பேனாவை வைத்துவிட்டு, படிவத்தை வெற்றுத் தாளாகவே திருப்பிக் கொடுத்தேன். அதன்பின்னும் அந்த அலுவலர் என் அறை எண்ணைக் கேட்டுக் கணினியில் ஏதோ தட்டச்சு செய்தார்.

என் முறையீட்டின் மையம் இந்தப் படிவம்தான். தாங்கள் அறிவிக்காமல் பிடித்த பணத்தைப் பற்றி ஒரு பயணி கேள்வி கேட்டால், அதற்கு மாதச் சம்பளத்துக்கு உழைக்கும் ஒருவரைக் குற்றம் சாட்டினால்தான் வழி உண்டு என்று அமைத்திருக்கிறீர்கள். மனசாட்சி உள்ளவர் பேசாமல் திரும்பிவிடுவார். இல்லாதவர் வாய்க்கு வந்த பெயரை எழுதிவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு போவார். இரண்டிலும் கேள்வி தங்களை வந்து அடைவதில்லை.

டிப்ஸ் கொடுக்கும் வழக்கத்தையே எதிர்ப்பவன் என்று என்னைத் தாங்கள் கருதிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்: நானும் 22 ஆண்டுகளாகக் கல்லாவில் உட்கார்ந்திருப்பவன். எங்கள் உணவகத்தில் சோம்பும் கற்கண்டும் வைத்த தட்டில் பில் போகும். திரும்பி வரும் சில்லறையில் பத்தோ இருபதோ தட்டிலேயே தங்கும். அதைச் சப்ளையர்கள் கல்லாவின் ஓரத்தில் உள்ள தகர டப்பாவில் போடுவார்கள். இரவு கடை அடைத்தபின் இலை எடுப்பவர், பாத்திரம் துலக்குபவர் உட்பட எல்லோருக்கும் அது பங்காகும். அந்த டப்பாவை நான் தொடுவதில்லை. என் சம்பளக் கணக்கில் அதைச் சேர்ப்பதும் இல்லை. ஆனால் ஏசி கூடத்தில் உட்காருபவர்களிடம் 5 சதவீதம் சேவைக் கட்டணம் வாங்கிக்கொண்டிருந்தவன்தான் நானும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று, உணவகங்கள் பில்லில் சேவைக் கட்டணத்தைத் தாமாகவே சேர்க்கக் கூடாது என்று நெறிமுறை வெளியிட்டபின் அதை நிறுத்தி, இட்லிக்கும் தோசைக்கும் விலையைச் சற்று ஏற்றினேன். 2025 மார்ச்சில் தில்லி உயர்நீதிமன்றமும் அந்த நெறிமுறைகளை உறுதிசெய்தது. விலை ஏற்றியதற்காக முகம் சுளித்தவர்கள் சிலர் உண்டு. அடுத்த வாரமே அவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். இந்தியச் சட்டம் தங்கள் கப்பலைக் கட்டுப்படுத்தாது என்பதை அறிவேன். வேறொரு பெயரில் தனியாகப் பிடிக்காமல் விலையிலேயே சேர்த்தாலும் கடை நடக்கும் என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

இரவு உணவின்போது எங்கள் மேசையில் ஓர் அமெரிக்கத் தம்பதியரும் ஒரு ஜப்பானியத் தம்பதியரும் உடன் அமர்ந்தார்கள். அந்த அமெரிக்க அம்மையார் ஓய்வுபெற்ற ஆசிரியை. தம் நாட்டில் டிப்ஸ் வாங்கும் பணியாளர்களுக்கு முதலாளி ரொக்கமாகக் கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி, கூட்டாட்சிச் சட்டப்படி, 1991 முதல் மணிக்கு 2 டாலர் 13 சென்ட் என்ற அளவிலேயே நின்றுவிட்டது என்றும், கூடுதலாகக் கொடுக்கும் மாநிலங்கள் இருந்தாலும், பதினைந்து இருபது சதவீதம் வைக்காமல் எழுந்து போவது பணியாளரின் கூலியைத் திருடுவதற்குச் சமம் என்றே தாம் வளர்க்கப்பட்டதாகவும் சொன்னார். அவருக்கு அது தர்மம், நான் மறுக்கவில்லை. ஜப்பானியர் இருவரும் அதைக் கேட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் ஊரில் உணவகத்தில் மேசைமேல் பணத்தை விட்டுவந்தால் மறந்துவிட்டதாக எண்ணிப் பின்னாலேயே ஓடிவந்து திருப்பிக் கொடுப்பார்களாம். ரியோகான் என்னும் மரபுவழி விடுதிகளில் மட்டும், கவனித்துக்கொள்ளும் பணியாளருக்குக் 'கொகோரோசுகே' என்று ஒரு சிறு தொகையைச் சிலர் கொடுப்பதுண்டு. அதையும் வெறும் நோட்டாக நீட்டாமல் உறையிலிட்டுத்தான் கொடுக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் வெற்றிலையில் வைத்துக் கொடுப்பதைப் போன்றது என்று என் தாயார் உடனே புரிந்துகொண்டார். பிரான்சில் சேவைக்கான கூலி பட்டியல் விலையிலேயே அடக்கம். அதற்குமேல் விடுகிற சில்லறை அவரவர் விருப்பம். கப்பல் புறப்பட்ட சிங்கப்பூரிலோ, பெரிய உணவகங்களில் 10 சதவீதச் சேவைக் கட்டணமும் 9 சதவீதப் பொருள் சேவை வரியும் பில்லில் உண்டு; அதற்கு மேல் எவரும் எதையும் எதிர்பார்ப்பதில்லை. ஹாக்கர் நிலையங்கள் எனப்படும் எளிய உணவுக்கடைத் தொகுதிகளில் சேவைக் கட்டணமும் கிடையாது.

இத்தனை ஊர் வழக்கங்களைச் சேர்ந்தவர்கள் ஏறும் கப்பலில், ஒரே ஒரு நாட்டின் வழக்கத்தை எல்லோர் கணக்கிலும் ஏற்றியிருக்கிறீர்கள். அந்த வழக்கத்துக்கு அமெரிக்காவில் இருக்கும் காரணம்கூடத் தங்கள் கப்பலில் இல்லை. தங்கள் கப்பல் பஹாமாசில் பதிவானது. எங்களைக் கவனித்துக்கொண்டவர்கள் இந்தோனேசியாவையும் பிலிப்பைன்ஸையும் எங்கள் கேரளத்தையும் சேர்ந்தவர்கள். அமெரிக்கக் கூலிச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது. முன்பெல்லாம் கப்பல்களில் கடைசி இரவு பயணிகள் தாமே உறையில் பணம் வைத்து, அறைப் பணியாளருக்கும் உணவு பரிமாறியவருக்கும் நேரில் கொடுத்தார்கள். அடுக்களையிலும் சலவைக் கூடத்திலும் கண்ணில் படாமல் உழைப்பவர்களுக்கும் பங்கு போய்ச் சேர வேண்டும் என்பதே, இதைக் கணக்கில் சேர்த்துப் பிடிக்கத் தொடங்கியதற்குச் சொல்லப்படும் நியாயம். நல்ல நியாயம்தான், எங்கள் தகர டப்பாவின் நியாயமும் அதுவே. ஆனால் என் டப்பாவில் எவ்வளவு விழுந்தது என்பதை இலை எடுக்கும் அம்மாவும் எண்ணிப் பார்க்கலாம். தங்கள் 432 டாலரில் யாருக்கு எவ்வளவு போனது என்பதை, கொடுத்த எனக்கே சொல்ல மறுக்கிறீர்கள். பிரிட்டனில் 2024 அக்டோபர் 1 முதல், டிப்ஸ் முழுவதையும் பிடித்தம் இன்றிப் பணியாளர்களுக்கே பங்கிட வேண்டும் என்று சட்டமே நடைமுறையில் இருக்கிறது. அந்நாட்டின் பி அண்ட் ஓ குரூசஸ் என்ற கப்பல் பயண நிறுவனம் 2019இலேயே இந்த அன்றாடப் பிடித்தத்தைக் கைவிட்டது. கப்பல் தொழிலில் முடியாது என்று தாங்கள் சொல்லும் காரியம் அன்று.

இன்னொன்றையும் சுருக்கமாகக் குறிப்பிடுகிறேன். மேல்தளத்தில் என் மகன் வாங்கிய எலுமிச்சை சோடாவின் விலை 6 டாலர். ரசீதில் 18 சதவீதம் சேவைக் கட்டணம் 1 டாலர் 8 சென்ட் சேர்ந்து 7 டாலர் 8 சென்ட் என்றிருந்தது. அதற்குக் கீழே, 'கூடுதல் டிப்ஸ்' என்று ஒரு கோடு காலியாக விடப்பட்டு, அதன்கீழ்க் கையெழுத்துக்கு இடம் இருந்தது. அந்தச் சோடாவைக் கொண்டுவந்தவருக்கு அன்றாடப் பணிக்கொடையிலும் பங்கு உண்டா இல்லையா என்று கேட்டதற்கு இதுவரை பதில் இல்லை.

இப்போது எங்கள் அறைப் பணியாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். விடியற்காலை ஐந்தரை மணிக்கெல்லாம் என் தாயார் எழுந்துவிடுவார் என்பதை முதல் நாளிலேயே கவனித்து, மறுநாள் முதல் யாரும் கேட்காமலே சுடுநீர்க் குடுவையை வாசலில் வைத்தவர் அவர். துண்டை மடித்து யானை செய்து பேத்தியின் தலையணையில் உட்கார வைத்தார். அவள் கட்டிலைச் சுற்றி இறைத்த சோற்றை நான்கு நாளும் முகம் கோணாமல் அள்ளினார்; அதற்காக அவருக்கே அந்த 72 டாலரும் போயிருக்கும் என்றால் நான் இந்தக் கடிதத்தில் பாதியை எழுதியிருக்க மாட்டேன். கடைசி இரவு என் தாயார் ஐம்பது சிங்கப்பூர் வெள்ளி நோட்டு ஒன்றை மடித்து அவரிடம் இரண்டு கைகளாலும் நீட்டினார். அவர் உடனே வாங்கவில்லை. என் மகனைத் தனியே அழைத்து, கணக்கில் உள்ள பணிக்கொடையை நீங்கள் நீக்கவில்லையே, நீக்கியிருந்தால் இதை நான் மேலதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும் என்று தாழ்ந்த குரலில் கேட்டார். என்ன பணிக்கொடை என்று எங்களுக்கு அப்போது விளங்கவில்லை. இல்லை என்றான் மகன். அதன்பிறகே வாங்கி நெஞ்சில் வைத்துக்கொண்டார். மறுநாள் காலை அந்தத் தாளைப் பார்த்தபோதுதான் அவர் எதற்காக அஞ்சினார் என்று புரிந்தது.

ஆகவே நான் வேண்டுவது இவைதாம். பேத்தியின் பெயரில் பிடித்த 72 டாலரைத் திருப்பித் தர வேண்டும். பெரியவர்கள் ஐவரின் 360 டாலரை நான் கேட்கவில்லை. அந்த 360 டாலர் எந்தெந்தப் பிரிவினருக்கு எந்த விகிதத்தில் பங்கிடப்பட்டது என்பதையும், நிறுவனம் தனக்கென ஏதேனும் எடுத்துக்கொண்டதா என்பதையும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இனி வரும் முன்பதிவுத் தாள்களில் இத்தொகையைக் கட்டணத்தோடு சேர்த்தே அச்சிட வேண்டும். பணியாளர் பெயர் கேட்கும் அந்தப் படிவத்தைத் திரும்பப் பெற வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அன்று காலை முகப்பில் என் அறை எண்ணின்கீழ்த் தட்டச்சு செய்யப்பட்டது என்ன என்பதைத் தெரிவித்து, எங்கள் அறைப் பணியாளரின் பணிப்பதிவில் எங்கள் பொருட்டு எந்தக் குறிப்பும் இல்லை என்பதை உறுதிசெய்து எழுத வேண்டும். அப்படி ஏதேனும் இருந்தால், இக்கடிதத்தில் அவரைப் பற்றி மேலே எழுதியுள்ள பத்தியை மொழிபெயர்த்து அவருடைய பதிவில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். 72 டாலர் தாமதமானாலும் இதற்கான பதில் முப்பது நாள்களுக்குள் வர வேண்டும். என் தாயார் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

கணக்குத் தாள், முன்பதிவுத் தாள், சோடா ரசீது ஆகியவற்றின் நகல்களை இத்துடன் இணைத்துள்ளேன். முன்பதிவு எண்ணும் அறை எண்களும் அவற்றில் உள்ளன.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
திருச்சிராப்பள்ளி