புகார் மேசையின் முதல் கேள்வி

ஆசிரியருக்கு,

பாலியல் குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டச் சொல்லும் தலையங்கம் படித்தேன். கூட்டுங்கள், சரி. அப்புறம்?

தோழி ஒருத்திக்குத் துணையாகக் காவல் நிலையம் போயிருந்தேன். பேனா மூடியைக் கழற்றும் முன்பே வந்தது கேள்வி: "அந்த நேரத்துல அங்க எதுக்கும்மா போனீங்க?" நடந்ததை மூன்று பேரிடம் சொன்னாள். மூன்றாம் முறை நேரத்தைக் கொஞ்சம் மாற்றிச் சொல்லிவிட்டாள், அதைத்தான் அடிக்கோடிட்டார்கள்.

சட்டமும் நெடுங்காலம் பெண் பக்கம் நிற்கவில்லை. மனைவியை வல்லுறவு செய்தாலும் கணவன் குற்றவாளி ஆகமாட்டான் என்று இங்கிலாந்து நீதிபதி மேத்யூ ஹேல் எழுதியது 1736இல் அச்சேறியது. (ஆதாரம் எதுவும் அவர் காட்டவில்லை!) அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அதை ஒதுக்கித்தள்ள 1991 ஆகிவிட்டது. ஸ்வீடன் 2018இல் சட்டத்தின் கேள்வியையே மாற்றியது: அவள் எதிர்த்தாளா என்பதல்ல, விரும்பிச் சம்மதித்தாளா என்பதுதான். சட்டத்தில் மாறிய கேள்வி புகார் மேசையிலும் மாற வேண்டாமா? எழுதிக்கொள்பவருக்கு முறையான பயிற்சி கொடுங்கள். வாக்குமூலத்தை ஒரே தடவையில், ஒலி-ஒளிப் பதிவாக வாங்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி