தொட்டி ஸ்டாண்டுக்கு மரம்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கோவையிலேயே இடம் கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம்.

மீன் தொட்டி ஸ்டாண்டுக்கு என்ன மரம் எடுக்கலாம் என்று கேட்டிருந்தாய். முதலில் எடையைப் பார். நீளம் 4 அடி, அகலமும் உயரமும் ஒன்றரை அடி என்றால் 9 கன அடி, அதாவது 255 லிட்டர் தண்ணீர். 10 மி.மீ. கண்ணாடி 50 கிலோ, மணல் 30 கிலோ. ஏறக்குறைய 335 கிலோ, வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும்.

இதற்குத் தேக்குதான் வேண்டும் என்பதில்லை. வேங்கை தாங்கும், நன்றாகக் காய்ந்த வேம்பும் தாங்கும். மரம் காய்ந்திருப்பதுதான் முக்கியம். பச்சை மரத்தில் செய்தால் ஆறு மாதத்தில் முறுக்கிக்கொண்டு தொட்டியின் ஒரு மூலை தூக்கும், கண்ணாடி விரிசல் விடும். அதனால் பழைய மரக்கடைக்குப் போ. இடித்த வீட்டு நிலை, உத்தரமெல்லாம் எப்போதோ காய்ந்து அடங்கிய மரம். அறுக்கும் முன் ஒரு காந்தத்தை ஓட்டிப் பார். புதைந்த ஆணி ஒன்று இருந்தாலும் ரம்பத்தின் பல் போய்விடும். பார்ட்டிகிள் போர்டு மட்டும் வேண்டவே வேண்டாம். தண்ணீர் சிந்தினால் ஓரம் உப்பி உதிரும்.

துண்டின் ஒரு முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்து நீளவாக்கில் பார். லேசான வளைவை இழைத்துச் சரிசெய்யலாம். முறுக்கு விழுந்ததைத் தொடாதே. வெளுத்த வெளிறுப் பகுதியில் பூச்சி ஏறும், வைரமாக, அதாவது நடுவிலுள்ள கெட்டியான பகுதியாகப் பார்த்து எடு. சட்டத்தின் நடுவில், கீழ் விளிம்பில் கணு இருந்தால் ஒதுக்கிவிடு. சுமை ஏறும்போது மரம் இழுபடுவது அங்கேதான். காலில் சின்னக் கணு இருந்தால் பரவாயில்லை.

நாலுக்கு ரெண்டு சைஸ் போதும். 4 அங்குலப் பக்கத்தைச் செங்குத்தாக நிறுத்து. படுக்கவைத்தால் நாலு மடங்கு அதிகமாகத் தொய்யும். மேலும் கீழும் 48-க்கு 18 அங்குலச் சட்டம், ஒவ்வொன்றிலும் மூன்று குறுக்குச் சட்டம். இடையில் 22 அங்குலக் கால் நான்கு. மொத்த உயரம் 30 அங்குலம். கழிவோடு 2 கன அடி வாங்கு. நீளச் சட்டத்தை இழைத்த பிறகே குறுக்குகளை அளந்து வெட்டு: நீளச் சட்டத்தின் கனம் 2 அங்குலமாக இருந்தால் 14, இழைத்து 1¾ ஆகிவிட்டால் 14½.

பலர் தவறு செய்வது காலில்தான். நீளச் சட்டத்தைக் காலின் பக்கவாட்டில் வைத்து ஸ்க்ரூ அடிப்பார்கள். அப்போது முழு எடையும் ஸ்க்ரூவில் தொங்கும். சட்டம் காலின் தலைமேல் உட்கார வேண்டும். ஸ்க்ரூ நகராமல் பிடிப்பதற்கு மட்டும். பின்பக்கம் 12 மி.மீ. பிளைவுட் அடித்துவிடு, பக்கவாட்டு ஆட்டம் நின்றுவிடும்.

மேல்பலகைக்கு 19 மி.மீ. மரைன் பிளை, அதாவது ஈரம் தாங்கும் பிளைவுட்; அதற்கான இந்தியத் தர எண் IS 710 முத்திரை பார்த்து வாங்கு. பூட்டும் முன்பே எல்லாப் பக்கமும் பாலியூரித்தேன் வார்னிஷ் அடி. வெட்டுமுனைக்கு இன்னும் இரண்டு கோட், ஈரம் அங்கேதான் குடிக்கும். ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, 12 மி.மீ. தெர்மோகோல் விரித்துத் தொட்டியை ஏற்று. பாதித் தண்ணீர் விட்டு, மறுநாள் மட்டம் பார்த்த பிறகு மீதியை நிரப்பு.

மரம் எடுத்ததும் எந்த ஜாதி, என்ன கனம் என்று எழுது. குறுக்குச் சட்ட அளவைப் போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
ராஜு