செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கடந்த ஆண்டுக்கான அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வழக்கமான விஷயங்களை வேகமாக முடித்துவிட்டு, நாம் குழுவாகப் போய்வந்த வரலாற்று மினியேச்சர் வார்கேம் (சிறு உருவங்களை மேசையில் நகர்த்திப் பழைய போர்களை ஆடும் ஆட்டம்) கண்காட்சியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். அறிக்கை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டதே என்று பொருளாளர் ஏற்கெனவே சொல்லிவிட்டார். சாய்ந்துதான் இருக்கிறது.

மாதக் கூட்டங்கள் 11 நடந்தன. ஒரு மாதம் கூட்டம் நடக்காததற்கு அரங்கச் சாவி கிடைக்காததே காரணம். அந்தச் சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது என்பதையும் பதிவு செய்கிறேன்.

போட்டி ஆட்டங்களை வழக்கம்போல டிபிஏ என்ற எளிய விதிமுறையில் நடத்தினோம். ஒரு பக்கத்துக்கு 12 பேஸ் (உருவங்களை ஒட்டிய அடித்தட்டு) மட்டும்தான், ஒரு மணி நேரத்தில் ஆட்டம் முடியும் என்பதால் புதியவர்களையும் தயங்காமல் உட்கார வைக்க முடிகிறது. நடுவரை வைத்து ஆடும் பிரஷ்ய கிரீக்ஸ்பீல் ஆட்டத்தையும் ஒரு மாலை முயன்றோம். 1824-இல் பிரஷ்யப் படைத் தலைமையகத்தில் ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி ஆடிக் காட்டிய முறை அது. இரு தரப்பும் தனித்தனி அறையில் உட்கார்ந்து உத்தரவுகளை எழுதி அனுப்ப வேண்டும். கண்ணுக்குத் தெரிந்திருக்கக்கூடியதை மட்டும் நடுவர் திருப்பிச் சொல்வார். நம்மிடம் அன்று தோற்ற தரப்பு, ‘இடப்பக்கம்’ என்று எழுதியதை நடுவர் ‘வலப்பக்கம்’ என்று படித்துவிட்டதால் தோற்றது. கையெழுத்தும் போரின் ஓர் அங்கம் என்று நடுவர் தீர்ப்பளித்தார், மேல்முறையீடு தள்ளுபடியானது.

கார்த்தேஜ் தளபதி ஹானிபால் ரோமர்களை வென்ற கி.மு. 216 கன்னே போரையும் ஆடினோம். ஹானிபாலாக ஆடியவர் தோற்றார். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஓர் இழப்பு. பெய்ண்ட் அடித்து முடித்த 24 குதிரைவீரர்களுக்கு மழைநாளில் மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் ஸ்ப்ரே அடித்தோம். காற்றில் இருந்த ஈரத்தால் அத்தனையும் வெள்ளை பூத்துவிட்டன. தூரிகையால் பளபள வார்னிஷைத் தடவியதில் பாதிக்கு மேல் தேறிவிட்டன. மீதி இனிப் பனிக்காலப் போர்களில் மட்டும் பங்கெடுக்கும்.

இனிக் கண்காட்சி. ஏழு பேர் போனோம். உள்ளே நுழைந்ததும் இடப்பக்கம் முழுக்க வியாபாரிகள், வலப்பக்கம் ஆட்ட மேசைகள். ‘ஆட்டங்களை முதலில் பார்ப்போம், பிறகு கடைகள்’ என்று பயணக் கூட்டத்தில் ஒருமனதாகத் தீர்மானித்திருந்தோம். தீர்மானத்தைக் கடைப்பிடித்தவர்கள் இருவர். உருவங்கள் இப்போது பெரும்பாலும் ஈயமில்லாத கலவையிலோ பிளாஸ்டிக்கிலோ ரெசினிலோ வருகின்றன. ஆனாலும் வாங்கிக் குவித்துப் பெய்ண்ட் அடிக்காமல் விட்ட குவியலுக்கு ‘ஈய மலை’ என்றே பெயர். அன்று மாலை நம் உறுப்பினர்களின் மலைகள் வளர்ந்தே திரும்பின. என்னுடையதும்தான்.

ஆட்ட மேசைகளில் மிக அழகானது நெப்போலியன் தோற்ற 1815 ஜூன் 18 வாட்டர்லூ. 6 மி.மீ. அளவில் ஆயிரக்கணக்கான உருவங்கள், கோதுமை வயல், ஊகுமோன் பண்ணை வீட்டின் சுவரில் துப்பாக்கித் துளைகளைக்கூட விடாமல் செய்திருந்தார்கள். ஆனால் அதை ஆடிய நால்வரும் மேசைக்குள்ளேயே குனிந்திருந்தார்கள். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் நான்கு முதுகுகள். பத்து நிமிடம் நின்றோம், ஒருவர்கூட நிமிரவில்லை. உழைப்பைக் குறை சொல்லவில்லை; அந்த வயலை உருவாக்க எத்தனை இரவுகள் போயிருக்கும் என்பது நமக்குத் தெரியும். எனக்குத்தான் வருத்தமாக இருந்தது.

நான்கு மேசை தள்ளி, அதில் பாதி அளவுகூட இல்லாத ஒரு மேசை. 28 மி.மீ. உருவங்கள், நடுவில் கைத்னா ஆறு, 1803 செப்டம்பர் 23-இல் வெல்லெஸ்லியின் (பின்னாளில் வெல்லிங்டன்) ஆங்கிலேயப் படை மராத்தியரோடு மோதிய அஸ்ஸாயே போர். வருகிறவர்களே ஆடும் பார்ட்டிசிபேஷன் ஆட்டம். நடத்தியவர் ஒரு நடுவயதுப் பெண்மணி. மேசைக்குப் பின்னால் நிற்காமல், பார்க்க வந்தவர்கள் பக்கமே நின்றிருந்தார். நம் பொருளாளரைப் பார்த்ததும் கேட்டார்:

“நீங்கதான் வெல்லெஸ்லி. ஆத்துக்கு அந்தப் பக்கம் மராத்தியப் படை, சுமார் 100 பீரங்கி. இங்க எங்கயும் இறங்கிக் கடக்க முடியாதுன்னு வழிகாட்டிங்க சொல்றாங்க. என்ன செய்வீங்க?”

பொருளாளர் டேப்பைக் கேட்டார். அளந்து பார்த்தார். ஆற்றோரமாகவே நடந்து போய்த் தேடுவேன் என்றார். அவர் பக்கத்தில் நின்ற, பத்து வயதிருக்கும் ஒரு பையன், ஆற்றின் இரு கரையிலும் எதிரெதிரே இருந்த இரண்டு கிராம மாடல்களைக் காட்டி, “இந்த ஊர்க்காரங்க அந்த ஊருக்கு எப்படிப் போவாங்க?” என்று கேட்டான்.

அந்த அம்மாள் ஒன்றும் சொல்லாமல் சிரித்தார். வெல்லெஸ்லி செய்த ஊகமும் அதேதான்: எதிரெதிரே இரண்டு ஊர் இருந்தால் நடுவில் இறங்கிக் கடக்கும் ஒரு துறை இருந்தே தீரும். இருந்தது. உடனே பையனை வெல்லெஸ்லி ஆக்கிவிட்டு, பொருளாளரை எதிர்த்தரப்புத் தளபதி போல்மன் ஆக்கினார். பொருளாளருக்கு அதில் மனத்தாங்கல் உண்டு. ஆனால் ஆட்டத்தில் அவர் தன் காலாட்படை வரிசையை அப்படியே திருப்பி, கைத்னாவுக்கும் அதில் சேரும் ஜுவா ஆற்றுக்கும் நடுவில் நிறுத்தியது போல்மன் செய்ததைப் போலவே இருந்தது.

பையன் மதராஸ் காலாட்படையைத் தூக்கும்போது தலையைப் பிடித்துத் தூக்கினான். நாமாக இருந்தால் ‘ஐயையோ’ என்று கத்தியிருப்போம். அவர் கத்தவில்லை. இன்னொரு உருவத்தை எடுத்து, பேஸின் இரு ஓரத்தையும் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து நகர்த்திக் காட்டினார். வளைந்துபோன துப்பாக்கிக் கத்தியை நகத்தால் நிமிர்த்திக்கொண்டே, “இன்னிக்கு இது மூணாவது” என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

விதிகள் ஒரே தாளில் முடிந்தன. ஆட்டத்தில் நகரும் தூரத்துக்கு டேப் கிடையாது. காலாட்படைக்கு ஒரு குச்சி, குதிரைக்கு ஒரு குச்சி. மூன்றாவது சுற்றில் ஒரு சீட்டு எடுக்க வேண்டும். வந்த சீட்டின்படி பையனின் 74-ஆவது ரெஜிமென்ட் வழிதவறி நேரே அஸ்ஸாயே கிராமத்துப் பீரங்கிகளை நோக்கி நடந்தது. உண்மையிலும் அதுதான் நடந்தது, அந்த ரெஜிமென்ட் நொறுங்கிப்போனது. பையன் குதிரைப்படையை அனுப்பி மீட்கப் பார்த்தான். ஆறு சுற்று, 40 நிமிடம். பையன் ஜெயித்தான், ஆனால் அவனுடைய படையில் பாதிகூட மிஞ்சவில்லை. ‘நீங்கள் போர்க்களத்தில் செய்ததிலேயே சிறந்தது எது’ என்று வயதான காலத்தில் கேட்டபோது, வாட்டர்லூவைச் சொல்லாமல் ‘அஸ்ஸாயே’ என்றார் வெல்லிங்டன். அந்த அம்மாள் அதைச் சொன்னபோது பையன் மேசையில் விழுந்துகிடந்த உருவங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பும் வழியில் பேச்செல்லாம் அந்த மேசையைப் பற்றித்தான். நம் சங்கத்தில் பெய்ண்ட் அடிக்கிற கைகளுக்குக் குறைவில்லை. நாம் போடும் மேசைகளோ, மனசாட்சிப்படி சொன்னால், நான்கு முதுகு மேசைகள். விருந்தினரிடம் கேட்க நம்மிடம் ஒரு கேள்வி இருந்ததில்லை.

எனவே வரும் ஆண்டுக் கண்காட்சியில் நாமே ஒரு பார்ட்டிசிபேஷன் ஆட்டம் நடத்த வேண்டும் என்று நிர்வாகக் குழு முன்மொழிகிறது. எந்தப் போர் என்பதில் இரண்டு கூட்டங்கள் சண்டை போட்டோம். என் யோசனை கன்னே. பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் கணக்குப்படி ரோமர்கள் காலாட்படையில் மட்டும் 80,000 பேர், ஹானிபாலிடம் 40,000 பேர். கேள்வி கையிலேயே இருக்கிறது: எண்ணிக்கையில் பாதியாக இருக்கும்போது, நடுவில் நிற்கும் படையை வேண்டுமென்றே பின்னுக்கு விடுவீர்களா? நம் ஹானிபால் தோற்றது அங்கேதான். நடுவில் நின்ற காலியர்களை (ஹானிபாலின் கால் இன வீரர்களை) பின்வாங்கச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. அவரே விருந்தினர்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்க முன்வந்திருக்கிறார். இதைவிடத் தகுதியான ஆள் கிடைக்கமாட்டார்.

இதற்கு நம்மிடம் இல்லாதவை 36 ரோமானியக் காலாட்கள், இரண்டு அளவுக் குச்சிகள், ஒரு பக்கத்துக்குள் அடங்கும் விதித்தாள். காலாட்களை ஈய மலைகளிலிருந்தே எடுக்கலாம், புதிதாக வாங்கத் தேவையில்லை. உருவங்களைக் கொண்டுபோகும் பொறுப்பை மட்டும் என்னிடம் தர வேண்டாம். இம்முறை உருவங்களுக்குப் பெய்ண்ட் அடிக்கும் போட்டிக்கு எடுத்துப்போன பெட்டியின் மேல் பகடை டப்பாவை வைத்தவன் நான்தான்; எட்டு ஈட்டிகள் முறிந்தன. பெட்டிக்குள் இரும்புத் தகடு ஒட்டி, பேஸ்களுக்கு அடியில் காந்தம் வைக்கும் வேலையைத் துணைத்தலைவர் ஏற்றுக்கொண்டுள்ளார்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். அரங்கச் சாவியை இத்துடன் தலைவரிடம் ஒப்படைக்கிறேன். அறிக்கையையும் மேற்படி முன்மொழிவையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்