குடிக்கிற மல்லி வேறு, சூடுகிற மல்லி வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் வாங்கிய மல்லிப்பூவைத் தேநீருக்குப் பயன்படுத்த வேண்டாம். தலையில் சூட வளர்த்த பூ அது. மொட்டுப்புழுவுக்கு அடித்த மருந்து ஒட்டியிருக்கலாம். வீட்டுத் தொட்டிப் பூவே நல்லது.

மல்லியைக் கொதிக்க வைப்பதும் வீண். மணம் ஆவியோடு போய்விடும். அன்றிரவு விரியப்போகும் மொட்டுகளை மாலையில் பறித்து, 50 கிராம் இலைத் தேயிலைக்கு ஒரு கைப்பிடி வீதம் அடுக்கடுக்காகப் பரப்பி டப்பாவை மூடுங்கள். மொட்டு விரியும்போதுதான் மணம் வரும், தேயிலை அதை இழுத்துக்கொள்ளும். காலையில் பூவை எடுத்துவிட்டு, தேயிலையை நிழலில் நன்றாக உலர்த்த வேண்டும். பூவின் ஈரம் ஏறியிருப்பதால் அப்படியே மூடினால் பூஞ்சை பிடிக்கும்.

செம்பருத்திக்கு இவ்வளவு பாடு இல்லை. ஒற்றை அடுக்குச் சிவப்புப் பூ ஐந்து. காம்பு, அடியிலுள்ள பச்சைப் பகுதி, மகரந்தத் தண்டு மூன்றையும் நீக்குங்கள். 200 மில்லி தண்ணீர் கொதித்து அடுப்பை அணைத்ததும் இதழ்களைப் போட்டு ஐந்து நிமிடம் மூடுங்கள். எலுமிச்சை பிழிந்தால் ஊதா நிறம் சிவப்பாக மாறும். பிழிந்தபின் பால் ஊற்றினால் திரிந்துவிடும், பனங்கற்கண்டு போதும்.

ஆவாரம்பூவைச் சாலையோரம் பறிக்காதீர்கள், வண்டிப்புகை படிந்திருக்கும். சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டுவிட்டே எதையும் குடிக்கவும்.

இப்படிக்கு,
வாசகி, திருநகர், மதுரை