மறைமுகத் தள்ளுபடி யார் கணக்கில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

அந்நிய நேரடி முதலீட்டு விதிகளைப் படித்தால் எங்களைப் போன்ற சிறு வணிகர்களுக்கு ஒரு குறையும் இருக்கக் கூடாது. பிற வணிகர்கள் பொருள் விற்க இடம் தரும் இணையச் சந்தைத் தளம் நடத்த 100 சதவீத அந்நிய முதலீடு வரலாம். ஆனால் தளமே சரக்கு வைத்து விற்கக் கூடாது, விலையை மறைமுகமாகக்கூட அசைக்கக் கூடாது. 2019 பிப்ரவரி 1 முதல் இன்னொரு கட்டு: தளத்திடமோ அதன் குழும நிறுவனங்களிடமோ 25 சதவீதத்துக்கு மேல் கொள்முதல் செய்யும் விற்பனையாளரின் சரக்கு, தளத்தின் கையில் இருப்பதாகவே கருதப்படும்.

சரி, நடப்பது என்ன? திண்டுக்கல்லில் மிக்சி, குக்கர் விற்கிறேன். போன தீபாவளிக்கு 750 வாட் மிக்சி ஒன்று, விநியோகஸ்தர் எனக்குப் போட்ட பில்லைவிடக் குறைந்த விலைக்கு இணையத்தில் கிடைத்தது. கடைக்கு வரும் வாடிக்கையாளர்கள் ஜாரைத் திருகி, ஓடவிட்டுச் சத்தம் கேட்டு, அப்புறம் “அண்ணே, இந்த விலைக்குத் தர்றீங்களா?” என்று போனை நீட்டுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நானாக இருந்தாலும் கேட்பேன். அந்தத் தள்ளுபடியை யார் தாங்குகிறார்கள்?

பல பிராண்டு சில்லறைக் கடைகளுக்கு 2012இல் மத்திய அரசு 51 சதவீத அந்நிய முதலீட்டை அனுமதித்தபோது, மாநிலங்கள் விரும்பினால்தான் என்றார்கள். தமிழகம் மறுத்தது. கடைத்தெரு வழியே வர முடியாதது செல்போன் வழியே வருகிறது.

விதிகளைப் பின்பற்றியதாக ஆண்டுதோறும் செப்டம்பர் 30க்குள் தளங்கள் தணிக்கையாளர் அறிக்கை பெற வேண்டும். அதைப் பொதுவில் வெளியிடச் சொல்லி மத்திய அரசு உத்தரவிடட்டும்.

வீட்டு உபயோகப் பொருள் வணிகர்,
திண்டுக்கல்.