டோரீன் வாலியென்டேயின் பெயரையும் அச்சிடுங்கள்

விக்கா என்னும் நவீனச் சூனிய சமயத்தின் வழிபாட்டு நூல்களை வெளியிடும் பதிப்பாசிரியர்களுக்கு,

வணக்கம். முழுநிலவு இரவுகளில் உங்கள் வழிபாட்டு வட்டங்களில் ஓதப்படும் 'தேவியின் கட்டளை' என்னும் உரைநடைப் பகுதியை, இன்றைய வடிவத்தை ஆக்கிய டோரீன் வாலியென்டேயின் பெயரின்றி, ஏதோ பழங்காலத்திலிருந்து தானாக வந்தது போல அச்சிடும் வழக்கத்தைக் கைவிட வேண்டுகிறேன். நான் உங்கள் சமயத்தைப் பின்பற்றுவதில்லை. கவிதை வாசிப்பவர் என்ற உரிமை ஒன்றே எனக்கு உண்டு.

இங்கிலாந்தின் 1735ஆம் ஆண்டுச் சூனியச் சட்டம் 1951இல் நீக்கப்பட்டது. அடுத்த இரண்டாண்டுகளில், விக்காவைப் பரப்பிய ஜெரால்டு கார்ட்னரிடம் தீட்சை பெற்ற டோரீன் வாலியென்டே (1922–1999), தொன்மையானது என்று கார்ட்னர் காட்டிய சடங்கு ஏட்டில், மாந்திரீக எழுத்தாளர் அலெய்ஸ்டர் குரோலியின் வரிகள் கலந்திருப்பதை அடையாளம் கண்டு, அதை அவரிடமே கேட்டார். முடிந்தால் நீயே இதைவிட நன்றாக எழுது என்பதாக கார்ட்னரின் பதில் அமைந்தது. வாலியென்டேயும் எழுதினார். குரோலியின் சாயலைப் பெரும்பாலும் நீக்கிவிட்டு, நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் சார்ல்ஸ் லேலண்டு 1899இல் வெளியிட்ட 'அராடியா' நூலிலிருந்து வந்த தொடக்கத்தை வைத்துக்கொண்டார். ஆகவே ஒவ்வொரு சொல்லும் அவருடையது என்று நான் வாதிட வரவில்லை. முதலில் செய்யுளாகவும் பின்னர் உரைநடையாகவும் அவர் அமைத்தவற்றுள், இயைபுக்காகச் சொல் தேடும் கட்டாயம் நீங்கிய உரைநடையே உயர்ந்த கவிதை என்பது என் மதிப்பீடு. தேடுவதைத் தன்னுள் காணாதவர் வெளியே ஒருபோதும் காணார் என்று தேவி கூறும் இடத்தில் ஒரு சொல்லைக்கூட இடம் மாற்ற முடியாது.

இரகசியம் காப்பதாகச் சபதம் செய்த குழுவுக்காக எழுதியபோது பெயரிடாதது இயல்பே. ஆனால் 1989இல் வெளிவந்த தம் நினைவு நூலில் அவரே இப்பணியைப் பற்றி வெளிப்படையாக எழுதிவிட்டார். கார்ட்னருக்குத் தீட்சை அளித்தவராகச் சொல்லப்பட்டு, அவரது கற்பனை என்று பலர் ஒதுக்கிய டோரத்தி கிளட்டர்பக் என்னும் பெண்மணியின் பிறப்பு, இறப்புப் பதிவுகளைத் தேடிப் பிடித்து, அவர் வாழ்ந்த மனிதரே என்று நிறுவியவரும் இவர்தான். பிறர் பெயருக்கு இத்தனை உழைத்தவரின் பெயரை நீங்கள் விடுவது முறையன்று. பிரைட்டனில் அவர் வாழ்ந்த அடுக்ககத்தில் 2013இல் பதித்த நீல நினைவுப் பலகைகூட 'கவிஞர்' என்பதையே முதலில் குறிக்கிறது.

அடுத்த பதிப்பிலேனும் தொடக்கப் பகுதிக்கு லேலண்டையும், இன்றுள்ள வடிவத்துக்கு வாலியென்டேயையும் அதே பக்கத்தில் குறிப்பிடுங்கள். அவர் பெயரிலுள்ள அறக்கட்டளையிடம் அனுமதியும் பெறுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கவிதை வாசகர்